அஞ்சு மணிச் சாவி

ஐஸ் பெட்டி இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. முன்பக்கம் பிடித்திருந்த மாரியப்பன் "தூக்கு" என்றார். பின்பக்கம் பிடித்திருந்தவர்கள் "எறக்கு" என்றார்கள். பெட்டி யார் பேச்சையும் கேட்காமல் சுவர்ச் சுண்ணாம்பைப் பெயர்த்துக்கொண்டு அங்கேயே நின்றது. மூன்றாம் மாடி வாசலிலிருந்து வரலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன் வீட்டுக்குள் படுத்திருக்கிறார். எழுந்து வர முடிந்திருந்தால் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு விரலை ஆட்டியே பெட்டியை மேலே ஏற்றியிருப்பார். கூடவே நாலு வசவும் விட்டிருப்பார்.

"அண்ணி," என்று கீழேயிருந்து மாரியப்பன் குரல் கொடுத்தார். "பெட்டி மேல வராது. அண்ணன கீய எறக்கிடலாம். அதான் சுளுவு."

"எறக்குங்க. தலை இடிக்காம பாத்து எறக்குங்க," என்றாள் வரலட்சுமி.

சொன்ன பிறகுதான், இனி இடித்தால்தான் அவருக்கு என்ன என்று தோன்றியது. இருந்தாலும் இடிக்கக் கூடாது என்றுதான் அவளுக்கு இருந்தது.

குணசேகரன் அன்று காலை நாலே முக்காலுக்குப் போனார். திங்கட்கிழமை. வழக்கம்போல டீயைக் கையில் வாங்கினார், ஒரு வாய் குடித்தார், "வரலு, சக்கர கம்மி" என்றார். அவள் உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவோடு வருவதற்குள் சுவரில் சாய்ந்திருந்தார். டம்ளர் கையிலேயே இருந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். அறுபத்தாறு வயது.

ஏழு மணிக்கெல்லாம் அவருடைய அக்கா கெங்கம்மா புளியந்தோப்பிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் அழுதாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேட்டி மாற்ற வந்த ஆண்களை வெளியே துரத்தினாள்.

"நான் ட்ரவுசர் மாட்டி வளத்த புள்ள. இன்னிக்கி எவனோ வந்து வேட்டி கட்டறதா? அல்லாம் வெளிய போங்க."

கதவைச் சாத்திக்கொண்டு தம்பிக்கு வேட்டி கட்டினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் அழுகையோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தவர்கள் முகத்தில் வருவது. அதைக் கவனிக்கும் நிலையில் வரலட்சுமி இல்லை.

ஒன்பது மணிக்குள் கீழே ஷாமியானா போட்டாகிவிட்டது. குணசேகரன் கண்ணாடி மூடிக்குள் படுத்திருந்தார். சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஹவுசிங் போர்டு குடியிருப்பு முழுக்க அங்கேதான் இருந்தது. அதில் பாதிப் பேர் தோட்டத்துக்காரர்கள்.

தோட்டம் என்றால் திருவொற்றியூரில் யாருக்கும் சட்டென்று நம்பிக்கை வராது. இவர்கள் பிளாக்குக்குப் பின்னால், மதில் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவில் நீளமாக ஓர் இடம் கிடந்தது. உடைந்த கம்மோடு, பழைய மெத்தை, செத்த பூனை எல்லாம் அங்கேதான் போகும். ஆறு வருடத்துக்கு முன்னால், ரிட்டயர் ஆன மறுவாரமே, குணசேகரன் மண்வெட்டியோடு அதில் இறங்கினார். மண் உப்பு. ஒன்றும் முளைக்காது என்றார்கள். அப்போது காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற மாரியப்பன்தான் வழி சொன்னார். ஐஸ் வைத்து மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டிகள் மூலை உடைந்தால் துறைமுகத்திலேயே கிடக்கும். அதை வண்டியில் அள்ளி வந்தார்கள். செம்மண் வரவழைத்துப் பெட்டி பெட்டியாக நிரப்பினார்கள். வீட்டுக்கு எட்டுப் பெட்டி. இப்போது முப்பத்தொரு வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். மீன் குடலும் வெல்லமும் ஊறப் போட்ட டிரம் ஒன்று மூலையில் இருக்கிறது, அதுதான் உரம். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். வெண்டைக்காயைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுவார்கள்.

தண்ணீர்தான் தகராறு. திங்களும் வியாழனும் லாரி வந்து கறுப்பு டேங்கை நிரப்பிவிட்டுப் போகும். முதல் வருடம் அந்த டேங்கைச் சுற்றி நடக்காத சண்டை இல்லை. ஒரு தடவை அஜீசுன்னிசாவும் மாரியப்பன் சம்சாரமும் ஒரே குடத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்திழுத்ததில் குடம் பிளந்தது, இரண்டு குடும்பமும் மூன்று மாதம் பேசவில்லை. அதன் பிறகுதான் குணசேகரன் வால்வைச் சுற்றி ஓர் இரும்புக் கூண்டு அடித்துப் பூட்டுப் போட்டார். காலை ஐந்து மணிக்குத் திறப்பார். குழாய்களில் தண்ணீர் ஓடும், எல்லாரும் பாய்ச்சிக்கொள்ள வேண்டும். ஐந்தரைக்குப் பூட்டிவிடுவார். சண்டை நின்றுபோனது.

கடற்காற்று இந்தப் பக்கம் இரும்பை விட்டுவைக்காது. முதல் பூட்டு எட்டு மாதத்தில் இறுகிப்போய்ச் சுத்தியலால் அடிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது ஆறே மாதம். மூன்றாவதாகப் பாரிமுனைக்குப் போய் உள்ளங்கையளவு பித்தளைப் பூட்டு ஒன்றை வாங்கி வந்து, முப்பத்தொரு வீட்டுக்காரர்களையும் நிற்க வைத்துக் காட்டினார். "எம் பேரப்புள்ள காலத்துக்கும் வரும்" என்றார். நாலு வருடமாக அதுதான் தொங்குகிறது. அந்தச் சாவியை அவர் ஒருநாளும் யார் கையிலும் கொடுத்ததில்லை. எங்கே வைத்திருக்கிறார் என்றும் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்று, "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று ஒரு கையை ஆட்டிக்கொண்டே, பேங்க் லாக்கரைத் திறப்பதுபோல நிதானமாகத் திறப்பார். வாய்க்குள் அடக்கி வைத்திருக்கிறார் என்று குடியிருப்புப் பிள்ளைகள் சொல்லிக்கொள்ளும்.

சாவி எங்கே இருக்கிறது என்பது வரலட்சுமிக்கு மட்டும்தான் தெரியும்.

"அக்கா," என்று அஜீசுன்னிசா வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றாக அழுதாள். தோட்டத்தில் குணசேகரன் பெட்டிகளுக்கு அடுத்த வரிசை அவளுடையது, புதினாவும் பாலக்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஷாமியானாவுக்கு வெளியே பார்த்தாள். "ஆடி மாசத்துல இன்னா வெயிலு பாத்தியாக்கா. காலைல இருந்தே கொளுத்துது."

"ஆமா," என்றாள் வரலட்சுமி.

"நேத்துதான் அல்லாரும் நாத்து நட்டோம்."

"ஆமா."

அஜீசுன்னிசா இன்னும் எதையோ சொல்ல வாயெடுத்து, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, தன் கன்னத்திலேயே ஒன்று போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்து மாரியப்பன் வந்தார். "அண்ணன் நேத்து சாயங்காலம் எனுக்கு எட்டு கத்திரி நாத்து குடுத்தாரு அண்ணி. நட்டு வச்சேன். இப்பதான் எட்டிப் பாத்தேன். தலைய சாச்சிகினு கீது." பேச்சு அங்கேயே நின்றது. "அத்த வுடு. நீ டீ குட்சியா?"

எல்லாரும் இப்படித்தான். இரண்டு வார்த்தை துக்கம் கேட்பார்கள், மூன்றாவது வார்த்தையில் வெயில் வந்துவிடும். பிறகு தங்களுக்கே வெட்கமாகி நகர்ந்துவிடுவார்கள். வீட்டுக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தண்ணீர் சோற்றுக்கும் குளிக்கவும்தான் சரியாக இருக்கும். முப்பத்தொரு வீட்டு நாற்றுக்கு எங்கே போவது? செத்தவர் வாசலைத் தாண்டுவதற்குள் சாவி எங்கே என்று எந்த வாயால் கேட்பது?

மகள் மகிழினி ஆவடியிலிருந்து வந்து அழுது ஓய்ந்து, அம்மாவின் தோளில் சாய்ந்து ஃபோனைக் காட்டினாள். தோட்டத்து வாட்ஸ்அப் குரூப். அப்பாவின் படம், கீழே வரிசையாக ரோஜாப்பூ, கும்பிடு. அதற்குக் கீழே 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்று ஆறு தடவை.

"இன்னா கேட்டு அழிச்சிருப்பாங்கன்னு தெரியுதாம்மா?"

வரலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நான் மேல அலமாரி, சட்டப் பாக்கெட்டு, டீத்தூள் டப்பா அல்லாம் பாத்துட்டேன். எங்கியும் இல்ல. உனுக்குத் தெரியுமா, அந்த சாவி எங்கன்னு?"

"தெரியாது," என்றாள் வரலட்சுமி.

பொய்தான். மகளிடம், அதுவும் இன்றைக்கு. ஆனால் அவள் காலையிலேயே முடிவு செய்துவிட்டாள், அது அவரோடே போகட்டும் என்று. ஆறு வருடம் ஐந்து மணிக்கு அவர் அந்தத் தோட்டத்துக்குச் சொந்தம். உறவுக்காரர் வீட்டில் ராத்தங்க மாட்டார். மகளுக்குப் பிரசவமான அன்றைக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து திறந்தார். ஆரம்பத்தில் இவளும் கூடப் போனாள். மிளகாய்க்குத் தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டாள் என்று பத்துப் பேர் நடுவில் கத்தினார். அதோடு போவதை விட்டாள். ஒருதடவை அவருக்குக் காய்ச்சல். சாவியைக் கொடுங்கள், நான் போய்த் திறந்துவிட்டு வருகிறேன் என்றாள். போர்வைக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தார். "அத்த தொறக்க ஒரு பக்குவம் கீது வரலு. உன்னால ஆவாது" என்று சொல்லிவிட்டு நடுங்கிக்கொண்டே போனார். அந்தச் சொல் அவளுக்கு இரண்டு வருடமாகக் குத்திக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒருநாள்தான் அவரை யாரும் வந்து இழுத்துக்கொண்டு போக முடியாது. இந்த ஒருநாளாவது அவர் தனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தாள். செடி வாடினால் வாடட்டும்.

பதினோரு மணிக்கு மாரியப்பன் நாற்காலி வரிசைக்குப் பின்னால் குசுகுசுத்தது இவள் காதிலும் விழுந்தது. "ஒரே அடி. பூட்டு பூடும்."

"வாய கய்வு," என்றாள் அஜீசுன்னிசா. "மனுசன் இன்னும் தெருவ தாண்டல. அதுக்குள்ள அவரு மாட்டின பூட்ட ஒடைப்பியா நீ?"

மாரியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பகலவன் வந்தது அப்போதுதான். குணசேகரனின் பௌத்த சங்கத்துத் தோழர். ஐந்து நிறக் கொடி, வெள்ளைத் துணி, மெழுகுவர்த்திக் கட்டு எல்லாம் கொண்டுவந்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று கும்பிட்டவர் கையை எடுக்கவே நேரமானது. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் இரண்டு பேரும் சேர்ந்துதான் இடுப்பு அரைஞாண் கயிற்றை அறுத்து ஒரே குப்பைத் தொட்டியில் போட்டார்கள். சாமி, சடங்கு, தாயத்து எல்லாம் அன்றோடு சரி. "எனுக்கு எவனாவது வாய்க்கரிசி போட்டா எயுந்து வந்து ஒதப்பேன்" என்று குணசேகரன் சங்கத்தில் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் மனப்பாடம்.

பகலவன் கொடியைப் பிரித்து, "அண்ணி, நாலு மணிக்கு எடுத்துடலாம். பஞ்சசீலம் சொல்லிட்டு..." என்று தொடங்கினார்.

"கொஞ்சம் நில்லு நைனா," என்றாள் கெங்கம்மா.

நாற்காலியிலிருந்து எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று ஒரு சுற்றுப் பார்த்தாள். காலையிலிருந்து கையில் வைத்திருந்த சீட்டை இப்போது போட்டாள்.

"எந்தம்பிக்கு மொறைப்படி அல்லாம் நடக்கணும். தேங்கா ஒடைக்கணும். வாய்க்கரிசி போடணும். ஏன்னா அவன் சாமிய வுடல. உங்களாண்ட சும்மா சொல்லிகினு இருந்துகிறான். அவன் இடுப்புல அர்ணாக்கவுறு கீது. அதுல தாயத்து கீது. நான் எங்கையால தொட்டுப் பாத்தேன். கருப்பா, நூலு சுத்தி, எவ்ளோ பத்தரமா கட்டிவச்சிகிறான் தெரியுமா. பெரியபாளையத்து ஆத்தாளோடதாத்தான் இருக்கும்."

பகலவன் கெங்கம்மாவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடைசியாக வரலட்சுமியைப் பார்த்தார். "கவுறு கட்டினு இருந்தாரா அண்ணி?"

கயிறு இருக்கிறது என்பது உண்மை. ஐந்து வருடத்துக்கு முன்னால், முதல் பூட்டு மாட்டிய அன்று, கறுப்புக் கயிறு ஒன்றை வாங்கி வந்து இடுப்பில் கட்டிக்கொண்டார். திடீர்னு இன்னா பக்தி என்று அவள்கூடக் கிண்டல் செய்தாள். "பாக்கெட்டுன்னா வியுந்துடும். லுங்கி மடிப்புன்னா அவுந்துடும். இது எங்கியும் போவாது" என்றார். வேர்வையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, நூல் கட்டி, அதில் தொங்கவிட்டார். அவர் புரண்டு படுத்தால் அந்த ரப்பர் உருண்டை இவள் இடுப்பிலும் குத்தும்.

அவள் பேசாமல் இருந்ததைப் பகலவன் பதிலாக எடுத்துக்கொண்டார். விரித்த கொடியை மறுபடி மடிக்க ஆரம்பித்தார். கோபமாக மடிக்கவில்லை. மூலையோடு மூலை சேர்த்து, நிதானமாக மடித்தார். "அவரு இஷ்டம் அதுன்னா அதையே செய்யுங்க. நான் ஓரமா நின்னுக்கிறேன்" என்றார். கூட வந்திருந்த சங்கத்து ஆட்கள் தரையைப் பார்த்தார்கள்.

வரலட்சுமியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் சாவி போய்விடும். திறக்காவிட்டால் முப்பது வருடம் வெயிலில் நின்று பேசிய மனுஷன் பொய்க்காரன் ஆகிவிடுவார், அதுவும் இவள் வாய் மூடி இருந்ததனால். கஞ்சத்தனத்தால் அவரைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது.

"அது தாயத்து இல்ல," என்றாள்.

கெங்கம்மா இடுப்பில் கை வைத்தாள். "பின்ன இன்னாவாம்?"

"தோட்டத்து சாவி."

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அஜீசுன்னிசா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்படியும் அடங்கவில்லை, தோள் குலுங்கியது. அவளைப் பார்த்து மாரியப்பனுக்கு வந்தது. அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவியது. மகிழினி அழுதுகொண்டே சிரித்தாள். பகலவன் மடித்த கொடியை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார், சிரிப்பதைக் காட்டாமல் இருக்க.

"கருமம்," என்றாள் கெங்கம்மா. "அத்தப் போயி கண்ணுல ஒத்திகினேனே."

அதற்கு மேல் கெங்கம்மாவாலும் முடியவில்லை. அவளும் உட்கார்ந்து சிரித்தாள்.

மூடியைத் திறந்தார்கள். கத்தரிக்கோலை மகிழினி நீட்டினாள். யாரையும் தொடவிடாமல் வரலட்சுமியே வேட்டிக்குள் கையை விட்டாள். முப்பத்தாறு வருடம் தெரிந்த இடுப்பு, சில்லென்று இருந்தது. அந்தக் குளிரில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் கையை எடுக்காமல் கயிற்றைத் தேடிப் பிடித்து அறுத்தாள். ரப்பர் உருண்டை உள்ளங்கைக்குள் வந்தது.

முப்பது கைகள் நீளவில்லை, ஆனால் முப்பது கழுத்துகள் நீண்டன.

"யாரும் கேக்காதீங்க," என்றாள். "நானே தொறக்கிறேன்."

துக்க வீடு அப்படியே எழுந்து அவள் பின்னால் நடந்தது. "எயவு வூட்டுல பொணத்த வுட்டுட்டு செடிக்கு தண்ணி ஊத்த போறீங்களே, நீங்கல்லாம் மனுசங்களா?" என்று கெங்கம்மா பின்னாலிருந்து கத்துவது பிளாக் மூலை வரைக்கும் கேட்டது.

தோட்டத்தில் நாற்றுகள் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. வரலட்சுமி கூண்டுக்கு முன்னால் நின்று நூலைப் பிரித்து, டியூபை உரித்துச் சாவியை எடுத்தாள். பளபளவென்று இருந்தது. பூட்டின் துளையில் வைத்தாள். பாதிக்கு மேல் போகவில்லை. வெளியே எடுத்து ஊதிவிட்டு மறுபடி வைத்தாள். அழுத்தினாள், இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். அசையவில்லை. துளைக்குள் பச்சையும் பழுப்புமாக ஏதோ அடைத்திருந்தது. இரண்டு வருடமோ மூன்று வருடமோ எந்தச் சாவியும் அதற்குள் போயிருக்க முடியாது.

"இன்னா அண்ணி, வரலியா?" என்றார் மாரியப்பன். "நான் வந்து பாக்கட்டா?"

பதற்றத்தில் பூட்டை இடது கையால் கெட்டியாகப் பிடித்து இழுத்தாள். அது திறந்துகொண்டது.

சாவி திரும்பவே இல்லை. அவள் வளையத்தை உள்ளே தள்ளினாள், நின்றது. பார்த்தால் பூட்டியிருப்பதாகத்தான் தெரியும். இழுத்தாள், வந்தது. இன்னொருமுறை தள்ளி, இன்னொருமுறை இழுத்தாள். பேரப்பிள்ளை காலத்துக்கும் வரும் பாரிமுனைப் பித்தளைப் பூட்டு. மூன்றாவது பூட்டும் போய்விட்டது என்று முப்பத்தொரு வீட்டுக்காரர்கள் முன்னால் சொல்ல வாய் வராமல், முதுகைக் காட்டிக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு, தினமும் ஐந்து மணிக்கு வந்து பூட்டாத பூட்டைத் திறந்துகொண்டிருந்திருக்கிறார். அதை நம்பி இத்தனை பேர் சண்டை போடாமல் இருந்திருக்கிறார்கள். காய்ச்சலில் எழுந்து நடுங்கிக்கொண்டே ஓடியதும் இதற்குத்தான். பக்குவமாம், பக்குவம்.

அவள் தோள் குலுங்கியது. பின்னால் நின்றவர்கள் அவள் அழுகிறாள் என்று நினைத்தார்கள். "வுடு, அழட்டும். காலைலேருந்து அழவே இல்ல," என்று அஜீசுன்னிசா யாரையோ தடுப்பது கேட்டது. வரலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காலையில் வராத கண்ணீரும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து வந்தது.

"தள்ளி நில்லுங்க," என்றாள், திரும்பாமலேயே. சாவியைத் துளையருகே வைத்துக் கையை ஒரு சுற்றுத் திருப்பினாள். பூட்டை எடுத்தாள். வால்வைத் திறந்தாள்.

குழாய்கள் இருமி, காற்றைத் துப்பிவிட்டுத் தண்ணீர் விட்டன. வெள்ளைச் சட்டைக்காரர்களும், மாலை போட வந்தவர்களும், தலைவிரித்து அழுதவர்களும் தண்ணீர் டியூபைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஓடினார்கள். சங்கத்து ஆள் ஒருவர் மீன் உர டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டு வேகமாக மூடினார். சற்று நேரத்தில் கெங்கம்மாவும் வந்து சேர்ந்தாள். தம்பிக்குக் காவலாகப் பகலவனை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, "இந்த கலீஜுக்குத்தான் எந்தம்பி உசுர வுட்டானா" என்று திட்டிக்கொண்டே, எது குணசேகரன் பெட்டி என்று கேட்டு, ஒரு டியூபைப் பிடுங்கி அதற்குப் பாய்ச்சினாள். மிளகாய்க்கு அதிகமாகத்தான் ஊற்றினாள். வரலட்சுமி ஒன்றும் சொல்லவில்லை.

அரைமணி நேரம் ஆனதும் வால்வை மூடிவிட்டுக் கூண்டுக்குத் திரும்பினாள். அஜீசுன்னிசா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, சாவிய என்னாண்ட குடு. நாளைக்கு நான் தொறக்கிறேன். நீ பத்து நாளாவது வூட்ல குந்து."

வரலட்சுமி அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, வளையத்தை உள்ளே தள்ளி, நிதானமாக ஒரு சுற்றுத் திருப்பினாள்.

"அத்த தொறக்க ஒரு பக்குவம் கீது அஜீசு. உன்னால ஆவாது," என்றாள். "நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துடறேன்."

சாவியை டியூபில் சுற்றி, அறுந்த கறுப்புக் கயிற்றாலேயே பாவாடை நாடாவோடு சேர்த்து இறுக்கி முடிந்துகொண்டாள். நடக்கும்போது இடுப்பில் குத்தியது. எந்த இடத்தில் குத்தும் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். பகலவன் பஞ்சசீலம் சொன்னார், எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். வாய்க்கரிசி போடவில்லை. அதற்கு ஈடாக மேளம் வேண்டும் என்று கெங்கம்மா ஒற்றைக்காலில் நின்றாள். மேளத்துக்கும் சாமிக்கும் சம்பந்தம் இல்லை என்று பகலவன் ஒத்துக்கொண்டார். மாரியப்பன் முன்னால் ஆடிக்கொண்டு போனார், நன்றாகவே ஆடினார். ஐந்து நிறக் கொடி போர்த்திக்கொண்டு குணசேகரன் தோட்டத்து முனைக்கு வந்தபோது பாடையை அங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, முகம் தோட்டத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பினார்கள். பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. கத்திரி நாற்றுகள் தலையை நிமிர்த்தியிருந்தன.

வரலட்சுமி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வேலிக்குள் பார்த்தாள். மேள ஆட்டம் பார்க்க வந்த அஜீசுன்னிசாவின் பக்கத்து வீட்டுப் பெண் அம்மு, ஐந்து வயது இருக்கும், கூட்டம் மறைக்கிறது என்று இரும்புக் கூண்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தாள். ஏறுவதற்குப் பிடியாக அவள் கை பூட்டை நோக்கிப் போனது.

"ஏய், தள்ளி நில்லு," என்றாள் வரலட்சுமி.

அம்மு கையை இழுத்துக்கொண்டாள். மேளம் பெரிய ரோட்டுப் பக்கம் திரும்பியது.